கோர்பச்சேவ் பெயரில் தொலைந்த இரண்டு புள்ளிகள்

கொஞ்சம் நீளமான இழை. இன்னைக்கு மருத்துவம் இல்லை, வரலாறு. ஒரு டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் பேரு என்ன?

கோர்பச்சேவ். நாம எல்லாரும் அப்படித்தான் படிச்சோம். தமிழ்ப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. பொது அறிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கு.

ஆனா அவரோட ஊர்க்காரங்க அவரைக் கூப்பிட்டது ‘கர்பச்சோஃப்’. கடைசி அசையில் ‘சோ’. அழுத்தமும் அங்கேதான். (முதல் எழுத்து ‘கோ’ ஏன் ‘க’ ஆச்சுன்னா, அழுத்தம் இல்லாத ‘ஒ’வை ரஷ்யர்கள் ‘அ’ மாதிரி சொல்லுவாங்க. அது தனிக் கதை, விடுங்க.)

1955-ல் இந்தியாவுக்கு வந்தாரே குருசேவ்? அவரும் ‘க்ருஷ்ஷோஃப்’தான்.

ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பிய தலைமைப் பொறியாளர் கொரோலேவ்? ‘கரல்யோஃப்’.

சினிமா படிக்கிறவங்க எல்லாரும் பார்க்கிற ஐசன்ஸ்டைனின் 1925 படம், ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’? அது ‘பத்யோம்கின்’.

சரி, அப்போ ரஷ்யப் பேர்ல வர்ற எல்லா ‘ஏ’வையும் ‘ஓ’ன்னு மாத்திடலாமான்னு கேட்டா, அதுவும் முடியாது. பிரெஷ்னேவ், பிரெஷ்னேவ்தான். விமானம் கட்டிய துப்பலேவ், துப்பலேவ்தான். எதில் ‘ஏ’, எதில் ‘ஓ’ன்னு பேரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இத்தனை குழப்பத்துக்கும் காரணம் ஒரே ஒரு எழுத்து. அதுவும் முழு எழுத்துகூட இல்லை, தலைமேல இருக்கிற இரண்டு புள்ளி.

ரஷ்ய அகரவரிசையில் 33 எழுத்து. ஆறாவது எழுத்து ‘யே’. பார்க்க ஆங்கிலத்தோட அஞ்சாவது எழுத்து ‘ஈ’ மாதிரியே இருக்கும். அதுக்கு மேல பக்கத்துப் பக்கத்துல இரண்டு புள்ளி வச்சா ஏழாவது எழுத்து, ‘யோ’. ‘ச’, ‘ஷ’ மாதிரி ஒலிகளுக்குப் பின்னால வந்தா வெறும் ‘ஓ’. இந்த எழுத்து எங்கே வந்தாலும் அநேகமா அழுத்தம் அங்கேதான் விழும். ரஷ்ய மொழியில் அழுத்தம் எந்த அசையில் வரும்னு சொல்ல எளிய விதி கிடையாது. அதனால ‘யோ’வைப் பார்த்தாலே புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு நிம்மதி.

ஆனா அந்த இரண்டு புள்ளியைப் போடுறது கட்டாயம் இல்லை. புத்தகம், நாளிதழ், கடைப் பலகை என்று பெரும்பாலான இடங்களில் போட மாட்டாங்க. வெறும் ‘யே’ மட்டும் இருக்கும். படிக்கிறவர்தான் ‘இது யோ’ன்னு புரிஞ்சுக்கணும்.

நமக்கு ரஷ்யப் பேர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியா வந்தது. ஆங்கிலத்துக்காரர் அச்சில் இருந்த ‘யே’வை அப்படியே எழுத்துக்கு எழுத்து மாத்தினார். நாம அவரைப் பார்த்து எழுதினோம். கோர்பச்சேவ் இப்படித்தான் பிறந்தார்.

இதில் ஒரு சுவாரசியம். ரஷ்ய இலக்கியத்தை நேசிச்சு மொழிபெயர்த்தவங்க கையில் இந்தப் புள்ளிகள் பிழைச்சிருக்கு. தஸ்தயேவ்ஸ்கியின் முதல் பேரை நாம ‘ஃபியோதர்’னு சரியாத்தான் எழுதுறோம். அதிலும் இதே எழுத்துதான். ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலின் அல்யோஷாவும் அப்படியே. எழுத்தாளனுக்குக் கிடைச்ச மரியாதை அதிபருக்குக் கிடைக்கல.

சரி, இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?

முதலில் ஒலி வந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ரஷ்யப் பேச்சு வழக்கில், அழுத்தம் விழுற சில ‘யே’ மெல்ல ‘யோ’வாக மாறிடுச்சு. ஜனங்க வாயில் ‘யோ’. ஆனா தேவாலயத்தில் படிக்கிற பழைய ஸ்லாவ் மொழியில் இன்னும் ‘யே’தான். அங்கே மாத்த விடல. ஆகவே ‘யே’ன்னா உயர்ந்த மொழி, படிச்சவங்க மொழி, கடவுளோட மொழி. ‘யோ’ன்னா கிராமத்தான் மொழி, சந்தை மொழி. கொச்சைன்னு ஒரு முத்திரை.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு, வாய்க்குள்ளேயே இருக்கு.

ரஷ்ய மொழியில் வானத்துக்கு ‘ந்யேபா’ன்னு பேரு. நம்ம வாயோட மேல் அண்ணத்துக்கு ‘ந்யோபா’ன்னு பேரு. எழுத்தில் வித்தியாசம் இரண்டு புள்ளி மட்டும்.

இது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே வேர்ச்சொல். வாயைத் திறந்து நாக்கால மேலே தடவிப் பாருங்க, வளைஞ்ச கூரை மாதிரி இருக்கும். அண்ணாந்து பார்த்தா வானமும் வளைஞ்ச கூரைதான். தேவாலயத்து ‘யே’ வானத்துக்குப் போச்சு, வீட்டுப் பேச்சு ‘யோ’ வாய்க்குள்ள தங்கிடுச்சு. ஒரு மொழியோட சமூக வரலாறு இரண்டு புள்ளிக்குள்ள அடங்கியிருக்கு பாருங்க. புள்ளி இல்லாம அச்சாகுற ரஷ்ய மருத்துவ நூலில் அண்ணப் பிளவுன்னு எழுதினா, எழுத்துப்படி அது வானப் பிளவும்தான்!

ஒலி இருக்கு, எழுத்து இல்லை. 18-ம் நூற்றாண்டில் ஆளாளுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. சிலர் ‘இ’யும் ‘ஓ’வும் சேர்த்து இரண்டு எழுத்தா எழுதினாங்க. பலர் வெறும் ‘யே’ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

1783-ல் பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்தில் ரஷ்ய மொழிக்கு அகராதி எழுதுறதுக்காக ‘ரஷ்ய அகாடமி’ன்னு ஒரு அமைப்பு உருவாச்சு. அதன் தலைவர் இளவரசி யெகதெரீனா தாஷ்கவா. அதே வருஷம் அறிவியல் அகாடமிக்கும் அவர்தான் இயக்குநர். 1783-ல் ஒரு பெண், ஒரு நாட்டோட அறிவியல் அகாடமிக்குத் தலைமை! இது மட்டுமே தனி இழைக்கு விஷயம்.

அந்த வருஷம் நவம்பரில் நடந்த கூட்டத்தில் தாஷ்கவா ஒரு சொல்லை எழுதிக் காட்டினாராம். ‘யோல்கா’. ஊசியிலை மரம், நாம கிறிஸ்துமஸ் மரம்னு சொல்றோமே, அது. ‘ஒரே ஒலிக்கு எதுக்கு இரண்டு எழுத்து? ஒரே எழுத்தா வச்சா என்ன?’ என்று கேட்டு, இரண்டு புள்ளி வச்ச எழுத்தை முன்மொழிஞ்சாராம். கவிஞர் தெர்ஷாவினும் நாடக ஆசிரியர் ஃபன்வீசினும் அந்தக் கூட்டத்தில் இருந்ததா சொல்றாங்க. காட்சி விவரம் எல்லாம் பின்னாடி மெருகேறியிருக்கலாம், ஆனா பரவலா சொல்லப்படுற கதை இதுதான்.

அச்சில் ஏற மேலும் 12 வருஷம் ஆச்சு. 1795-ல் இவான் த்மீத்ரியெவ் என்ற கவிஞரின் புத்தகத்தில் முதல்முறை இந்த எழுத்து அச்சானது. அடுத்த வருஷம் கரம்சின் வெளியிட்ட ‘அயோனிதி’ கவிதைத் தொகுப்பிலும் வந்தது. கரம்சின் அன்றைக்குப் பெரிய நட்சத்திர எழுத்தாளர். ஆகவே பேரு அவருக்குப் போயிடுச்சு. இன்னைக்கும் ‘யோ எழுத்தைக் கண்டுபிடிச்சவர் கரம்சின்’னு பலர் சொல்வாங்க. த்மீத்ரியெவ் பாவம்.

எதிர்ப்பும் உடனே வந்தது. அட்மிரல் ஷிஷ்கோஃப், பழமைவாதிகளின் தலைவர், பின்னாளில் கல்வி அமைச்சர். அவருக்கு இந்தப் புள்ளிகளைக் கண்டாலே ஆகாது. தன் கையில் கிடைக்கிற புத்தகங்களில் பக்கம் பக்கமாப் புரட்டி அந்தப் புள்ளிகளைச் சுரண்டி எடுப்பாராம். உயர்ந்த மொழிக்குள்ள சந்தைப் பேச்சு நுழையுதேங்கிற கோபம்.

அச்சகத்துக்காரங்களுக்கு வேற கவலை. ஈயத்தில் தனியா ஒரு அச்சு எழுத்து வார்க்கணும், தனிப் பெட்டி வைக்கணும். ‘எல்லாருக்கும்தான் புரியுதே, எதுக்கு வீண் வேலை?’

இந்த ‘எதுக்கு வீண் வேலை’யில் ஒரு மனுஷன் பேரே மாறிப்போச்சு. அஃபனாசி ஃபெத், 19-ம் நூற்றாண்டின் பெரிய ரஷ்யக் கவிஞர். ஷென்ஷின் என்ற பிரபுக் குடும்பத்துப் பையனா வளர்ந்தார். 14 வயசில், அவர் பிறந்த பிறகுதான் பெற்றோருக்கு முறைப்படி கல்யாணம் நடந்ததுன்னு அதிகாரிகள் கண்டுபிடிச்சாங்க. அவ்வளவுதான். குடும்பப் பேரு போச்சு, பிரபுப் பட்டம் போச்சு, ரஷ்யக் குடியுரிமையும் போச்சு. அம்மாவின் முதல் கணவரான ஜெர்மானியரின் பேரு மாட்டப்பட்டது. அந்த ஜெர்மன் பேரை ரஷ்ய மொழியில் இரண்டு புள்ளியோட ‘ஃப்யோத்’னு எழுதணும். கவிதை அச்சானபோது அச்சுக்கோப்பவர் புள்ளியை விட்டுட்டார், ‘ஃபெத்’ ஆயிடுச்சு, அவரும் அப்படியே விட்டுட்டார் என்பது அவரைப் பற்றி வழக்கமா சொல்லப்படுற செய்தி. தன் பழைய குடும்பப் பேரைச் சட்டப்படி திரும்ப வாங்க 1873 வரைக்கும் காத்திருந்தார். 53 வயசு. ஆனா கவிதையின் கீழே கடைசிவரை ‘ஃபெத்’தான்.

இப்போ அரசாங்கம் என்ன செஞ்சதுன்னு பார்ப்போம்.

1917 புரட்சி முடிஞ்ச கையோட, டிசம்பரிலேயே எழுத்துச் சீர்திருத்த ஆணை வருது. பல பழைய எழுத்துகளை ஒரே வெட்டா வெட்டினாங்க. நம்ம ‘யோ’வுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘விரும்பத்தக்கது, ஆனால் கட்டாயமில்லை.’ அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த மாதிரி வாக்கியத்தின் அர்த்தம் நல்லாத் தெரியும். யாரும் செய்ய மாட்டாங்கன்னு அர்த்தம்.

25 வருஷம் கழிச்சு, 1942 டிசம்பர். ஸ்டாலின்கிராடில் போர் உச்சத்தில் இருக்கு. அந்த நேரத்தில், டிசம்பர் 24 அன்று, கல்வித் துறை ஆணையர் பள்ளிகளில் இந்த எழுத்தைக் கட்டாயமாக்கி உத்தரவு போடுறார்! பின்னணியா ஒரு கதை உண்டு. தளபதிகளின் பேர்கள் புள்ளி இல்லாம அச்சாகி ஸ்டாலின் மேசைக்குப் போச்சு, அவர் கடுப்பானார், மறுநாளே ‘பிராவ்தா’ நாளிதழில் பக்கம் முழுக்கப் புள்ளி முளைச்சதுன்னு. ஆதாரம் வலுவானது இல்லை, கதையாவே எடுத்துக்கோங்க. உத்தரவு மட்டும் நிஜம். அதில் கையெழுத்து போட்ட ஆணையர் பேரு விளாதிமிர் பொட்டெம்கின். அதாவது, பத்யோம்கின்! அவர் பேரிலேயே அந்தப் புள்ளிகள் இருக்கு. உத்தரவு போட இதைவிடத் தகுதியான ஆள் கிடைச்சிருக்க மாட்டார்.

ஸ்டாலின் 1953-ல் இறந்தார். 1956-ல் வந்த எழுத்து விதிகள் கட்டாயத்தைத் தளர்த்திடுச்சு. சொல் தப்பாகப் படிக்கப்படும் வாய்ப்பு இருந்தா போடுங்க, அதிகம் தெரியாத சொல்லா இருந்தா போடுங்க, குழந்தைகள் பாடப்புத்தகத்திலும் போடுங்க. மத்த இடத்தில் தேவையில்லை.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்த விதியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. ‘தப்பாகப் படிக்கப்படும் வாய்ப்பு இருந்தா’ன்னு யார் முடிவு பண்றது? எழுதுறவர். அவருக்குத்தான் விடை முன்கூட்டியே தெரியுமே! தெரிஞ்சவருக்கு எந்தச் சொல்லும் குழப்பமா தெரியாது. கேஸ் ஷீட்டில் நாங்க போடுற சுருக்கெழுத்து மாதிரிதான். எழுதுன டாக்டருக்கு அது தெள்ளத்தெளிவு. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைப் படிக்கிற அடுத்த டியூட்டி டாக்டரைக் கேளுங்க.

நம்ம பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காம விட்டதும் இதே மாதிரிதான். கற்றவர் படிச்சுக்குவார். கற்றவர் மட்டும்.

எவ்வளவு குழப்பம் வரும்னு இரண்டே உதாரணம். ‘எல்லாரும்’ என்பதற்கும் ‘எல்லாம்’ என்பதற்கும் ரஷ்ய மொழியில் இந்தப் புள்ளிதான் வித்தியாசம். இரண்டுமே வரிக்கு வரி வர்ற சொல். இன்னொண்ணு, ரஷ்யர்களே சொல்லிச் சிரிக்கிறது. ‘கொஞ்சம் ஓய்வெடுப்போம்’ என்ற வினைச்சொல்லில் புள்ளியை எடுத்துட்டா ‘ஒருத்தர் விடாம செத்துப்போவோம்’ னு ஆகும். கழுதை சமாச்சாரமும் உண்டு, இடம் போதாது.

சொல்லைக்கூட வாக்கியத்தை வச்சு ஊகிச்சிடலாம். பேரை எப்படி ஊகிக்கிறது?

நிஜமான வலி இங்கேதான். பிறப்புச் சான்றிதழ் எழுதின குமாஸ்தா புள்ளி வச்சார். பாஸ்போர்ட் எழுதினவர் வைக்கல. அம்மா ஆவணத்தில் ‘யோ’, பிள்ளை ஆவணத்தில் ‘யே’. முப்பது நாப்பது வருஷம் யாரும் கவனிக்கல. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அப்பா செத்து வீட்டைப் பேர் மாத்தும்போது, அங்கே உட்கார்ந்திருக்கிற அலுவலர் கேட்பார்: ‘இவரும் நீங்களும் ஒரே ஆள்னு என்ன நிரூபணம்?’ அப்புறம் நீதிமன்றம் போய், ‘இந்த ஆவணத்தில் இருக்கிற ஆள் நான்தான்’னு தீர்ப்பு வாங்கிட்டு வரணும். எழுபது வயசில்.

சிரிக்காதீங்க. ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேற எழுத்துன்னு காப்பீட்டு மேசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நோயாளியை எந்த அரசு ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்திருப்பார். கையில் கட்டுப் போட்டிருக்கும் அந்த அம்மாவுக்கு எழுத்துச் சீர்திருத்தம் பற்றி என்ன தெரியும்?

2007-ல் ரஷ்ய மொழிக்கான அரசு ஆணையம் ஒண்ணு, மனிதர் பேரிலும் ஊர்ப் பேரிலும் இந்த எழுத்தைக் கட்டாயம் எழுதணும்னு முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனா அதுவரைக்கும் எழுதிக் குவிச்ச காகிதம் எல்லாம் அப்படியே இருக்கு.

அந்தப் பக்கம் பாஸ்போர்ட்டில் இன்னொரு கூத்து. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி, ரோமன் எழுத்தில் ‘யே’யும் ‘யோ’வும் ஒரே எழுத்தாத்தான் மாறும். விளைவு, ஃபியோதர் என்ற குத்துச்சண்டைக்காரர் உலகத்துக்கு ‘ஃபெடார்’. டென்னிஸ் வீரர் ருப்ல்யோஃப் நமக்கு ‘ருப்லெவ்’. ‘செம்யோன்’னு ஒரு அழகான பேரு இருக்கு, நம்ம சிமியோன்தான். அவர் பாஸ்போர்ட்டில் அது ஆங்கிலத்தில் எப்படி வரும்னு நீங்களே எழுதிப் பாருங்க. டாக்டரான நான் இதுக்கு மேல விளக்க மாட்டேன்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கிட்டுப் புள்ளி வச்சிட முடியாது. பழைய கவிஞர்கள் உயர்ந்த நடைக்காக ஒரே சொல்லை ‘யே’ன்னும் படிச்சிருக்காங்க. இன்னைக்குப் பதிப்பாசிரியர் இஷ்டத்துக்குப் புள்ளி வச்சா எதுகை உடையும், கவிஞன் நினைக்காத ஒலி உள்ளே வரும்.

இல்லாத புள்ளியை ஒட்ட வைக்கிறவங்களும் உண்டு. உலக செஸ் சாம்பியன் அலெகைன், ரஷ்யாவில் அவரைப் பலர் ‘அல்யோகின்’னு கூப்பிட்டாங்க, இன்னமும் கூப்பிடுறாங்க. அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. தன் பேர் ‘யே’தான்னு பிடிவாதமா இருந்தார். கோர்பச்சேவுக்கு நேர் எதிர்.

பக்கத்து வீடுகளைப் பார்த்தா வேடிக்கை. பெலாரஸ் மொழியில் இதே எழுத்து கட்டாயம், புள்ளி இல்லைன்னா எழுத்துப் பிழை. தாஜிக் மொழியிலும் மங்கோலிய மொழியிலும் சிரிலிக் எழுத்து வந்தபோது இந்த எழுத்தும் கூடவே போனது, அங்கேயும் விருப்பம் எல்லாம் கிடையாது, எழுதியே ஆகணும். பிறந்த வீட்டில் மட்டும்தான் ‘வந்தா வா, வராட்டிப் போ’ன்னு நடத்துறாங்க.

கம்ப்யூட்டரிலும் அப்படியே. ரஷ்ய விசைப்பலகையில் அதுக்கு இடம் இடது மேல் மூலை, எஸ்கேப் பட்டனுக்குக் கீழே, தனியா. யூனிகோடில் மத்த 32 எழுத்தும் வரிசையா உட்கார்ந்திருக்க, இது மட்டும் வரிசைக்கு வெளியே. அகரவரிசைப்படுத்த நிரல் எழுதுறவர் இதை மறந்தா, ‘யோ’வில் தொடங்குற சொல் எல்லாம் பட்டியலின் ஒரு ஓரத்துக்கு ஓடிடும்.

இதுக்காகவே வாழ்ந்த ஒருத்தரும் இருந்தார். விக்தர் சுமகோஃப், 2012-ல் இறந்தார். இந்த இரண்டு புள்ளியைத் திரும்பக் கொண்டுவரணும்னு புத்தகம் எழுதி, பத்திரிகைகளோட சண்டை போட்டு, பல வருஷம் செலவழிச்சவர். புள்ளி இல்லாத ரஷ்ய உரையைக் கொடுத்தா தானா புள்ளி வச்சுத் தர்ற மென்பொருளும் இருக்கு. அதுக்குப் பேரே ‘யோஃபிகேட்டர்’.

கரம்சின் பிறந்த சிம்பிர்ஸ்க் பகுதியில், வோல்கா ஆற்றங்கரையில் உலியானவ்ஸ்க்னு ஒரு நகரம். லெனின் பிறந்த ஊரும் அதுதான், ஊர்ப் பேரே அவர் குடும்பப் பேரிலிருந்து வந்தது. அங்கே 2005-ல் இந்த எழுத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் வச்சாங்க. சிவப்பு கிரானைட் கல்லில் அந்த ஒரே எழுத்து, பெருசா.

புள்ளி இரண்டையும் மறக்காம செதுக்கியிருக்காங்க.